ஸ்டோக்கரின் பதக்கங்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் ஒரு பழம்பொருள் கடையில் மூன்று பதக்கங்கள் வாங்கினேன். முதல் உலகப் போரில், 1914 நவம்பரில் 'குட் ஹோப்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலோடு மூழ்கிய ஸ்டோக்கர் (பாய்லருக்குக் கரி போடுபவர்) ஒருவருடையவை என்றார்கள். அந்த ஆண்டே இறந்தவருக்கு '1914-15' நட்சத்திரப் பதக்கம் எப்படிக் கிடைக்கும்? ஏமாந்துவிட்டேனா? என்ன விலை போகும்? கறுத்துக் கிடந்ததால் புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறேன்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

ஏமாறவில்லை. 1914 நட்சத்திரம் ஆகஸ்ட் 5 முதல் நவம்பர் 22 வரை பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் பணியாற்றியவர்களுக்கானது. கடலிலேயே இருந்தவர்களுக்கு 1914-15தான். விலையை விடுங்கள்.

புளியை எதற்கு எடுத்தீர்கள்? பூஜைப் பாத்திரமா அது? வெள்ளியாலான போர்ப் பதக்கத்தையும் வெண்கல வெற்றிப் பதக்கத்தையும் வெளிச்சத்தில் சாய்த்து விளிம்பைப் பாருங்கள். சேவை எண், பெயர், பதவி, 'ஆர்.என்.' (ராயல் நேவி, பிரிட்டிஷ் கடற்படை) என்று ஊசிமுனை அளவு எழுத்தில் பதித்திருக்கும். நட்சத்திரத்தில் அது பின்பக்கம் இருக்கும். கப்பல் பெயர் எதிலும் கிடையாது. ஆளையும் கப்பலையும் சேர்க்கும் ஒரே கயிறு அந்த எண்தான். ஒவ்வொரு தேய்ப்பிலும் அது கொஞ்சம் கரைகிறது. கடைசி இலக்கம் மழுங்கினால் பத்துப் பேர் வந்து நிற்பார்கள். 'கே' என்று தொடங்கினால் 1908 முதல் வந்த ஸ்டோக்கர் வரிசை. 'எஸ்.எஸ்.' (குறுகிய காலப் பணி) என்றால் ஐந்தாண்டு கப்பலில், ஏழாண்டு ரிசர்வில் என்ற ஒப்பந்தம்.

எண் கிடைத்தால் லண்டனில் கியூ என்ற இடத்திலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், 'ஏ.டி.எம். 188' என்ற கடற்படையினர் பதிவேட்டில் அவருடைய பக்கம் இருக்கும். உயரம், கண் நிறம், தழும்பு, பச்சை குத்தியிருந்தால் அதுவும். பணிசெய்த கப்பல்கள், நடத்தைக்கு 'வி.ஜி.' (மிக நன்று). இறந்தவர் என்றால் 'டி.டி.' என்று முடிந்திருக்கும். டிஸ்சார்ஜ்டு டெட், அதாவது இறப்பால் பணி முடிந்தவர். நவம்பர் 1 அன்று சிலியின் கொரோனல் கடலில் 'குட் ஹோப்'பிலிருந்து ஒருவர்கூடத் தப்பவில்லை. நாற்பத்து மூன்று பாய்லர்களுக்குக் கரி போட்டவர்களுக்குக் கல்லறை இல்லை. போர்ட்ஸ்மவுத்தின் சவுத்சீ கடற்கரையிலுள்ள கடற்படை நினைவுத்தூணில் பெயர் மட்டும் உண்டு. முகம் தெரியாத அவருக்காக நீங்கள் கவலைப்பட்டு எழுதியது மனதைத் தொட்டது. அதனால்தான் இவ்வளவு கோபம்.

போரில் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தந்த வெண்கல நினைவுத்தகடு கண்ணில் பட்டால் அவசரப்பட்டு வாங்காதீர்கள். அதில் பெயர் மட்டுமே இருக்கும், பதவியும் எண்ணும் வேண்டுமென்றே விடப்பட்டவை. அதே பெயரில் இன்னொருவர் இருந்திருக்கலாம்.

இப்போது ரிப்பனைக் கழற்றி, புளிப்பு போகச் சுத்தமான தண்ணீரில் அலசி, பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம். பிளாஸ்டிக் உறையில் போடாதீர்கள். விளிம்பில் மிச்சமிருப்பதை எழுத்துக்கு எழுத்து அப்படியே எழுதி அனுப்புங்கள்.