வலி, துணிச்சல், காவிரி மணம்

கேள்வி: இந்தக் கோடை விடுமுறையில் ஐந்து நாவல்கள் படித்தேன். தி. ஜானகிராமனின் 'மோகமுள்', பூமணியின் 'வெக்கை', தோப்பில் முஹம்மது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', இமையத்தின் 'கோவேறு கழுதைகள்', சல்மாவின் 'இரண்டாம் ஜாமங்களின் கதை'. ஐந்துமே என்னைப் புரட்டிப் போட்டுவிட்டன. ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் எழுதி உங்களுக்கு அனுப்பினேன். "நன்றி, பயன்படுத்த இயலவில்லை" என்று திருப்பிவிட்டீர்கள். நான் விமர்சகர் இல்லை, சாதாரண வாசகி. மனதில் பட்டதை எழுதக் கூடாதா? பெரிய விமர்சகர் என்கிற க.நா.சு. செய்ததும் அதுதானே? பரவசப்படுவதற்கும் பட்டம் வாங்கிக்கொண்டு வர வேண்டுமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பட்டம் வேண்டாம். பட்டம் வாங்கியவர்கள் அனுப்புகிற கட்டுரைகளைப் படித்துப் படித்துத்தான் என் மூக்குக் கண்ணாடியின் பவர் ஏறியிருக்கிறது. பரவசமும் தாராளமாக இருக்கட்டும். ஆனால் உங்கள் ஐந்து பக்கங்களில் நாவல்களைத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அதனால்தான் திருப்பினேன்.

கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பக்கங்களைப் பிரதி எடுத்து, நாவலின் பெயர், எழுத்தாளர் பெயர், பாத்திரங்களின் பெயர், ஊர் பெயர் எல்லாவற்றையும் கறுப்பு மையால் அடித்தேன். எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பவரைக் கூப்பிட்டு, ஐந்து தலைப்புகளையும் ஆசிரியர்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எது எதற்கு என்று பொருத்தச் சொன்னேன். ஐந்தில் அவருக்குத் தெரிந்தது 'மோகமுள்' மட்டும். அதுவும் 1995இல் வந்த படமாகப் பார்த்ததுதான். டீ ஆறுவதற்குள் மூன்றைச் சரியாகப் பொருத்திவிட்டார். மீதி இரண்டையும் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். "ரெண்டுலயும் வலி, வலின்னுதான் சார் இருக்கு. எதை எதுக்குப் போட?"

மற்ற மூன்றை எப்படிக் கண்டுபிடித்தார் என்று கேட்டேன். "அது சுலபம் சார். காவிரி மணம் வீசுதுன்னா ஜானகிராமன். துணிச்சல்னு வந்தா லேடி ரைட்டர். நாம் அறியாத உலகம்னா முஸ்லிம் கதை."

இதற்கு மேல் நான் என்ன விமர்சனம் சொல்ல? இந்த நாவல்களைப் படிக்காத மனிதர், படித்த உங்களுடைய ரசனையை அடைமொழியை வைத்தே பிரித்து அடுக்கிவிட்டார். நீங்கள் நாவலுக்கு எழுதியதாக நினைக்கிறீர்கள். அடைமொழி போயிருப்பது எழுத்தாளரின் சாதிக்கும் மதத்துக்கும் பாலினத்துக்கும். புத்தகத்தைத் திறப்பதற்கு முன்பே சட்டியில் என்ன வேக வேண்டும் என்று முடிவாகிவிட்டது.

நீங்கள் மட்டும் இப்படி எழுதுவதில்லை. எனக்கு வாரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு இப்படி வருகிறது. நீங்கள் கேள்வியாகக் கேட்டதால் மாட்டிக்கொண்டீர்கள், அவ்வளவுதான்.

'மோகமுள்' பக்கத்தை எடுத்துக்கொள்வோம். "வரிக்கு வரி காவிரி மணம்" என்று எழுதியிருக்கிறீர்கள். நாவலின் பிற்பகுதியில் கதாநாயகன் பாபு சென்னைக்கு வந்துவிடுகிறான். அவன் ஆசைப்பட்ட யமுனா அவனைத் தேடி வருவதும் அங்கேதான். அந்தக் காலத்துச் சென்னைக்கு வீராணம் தண்ணீர்கூட வரவில்லை, காவிரி எங்கிருந்து மணந்தது? இன்னொன்று. சல்மாவுக்கு நான்கு இடத்தில் "துணிச்சல்" போட்டிருக்கிறீர்கள். தன்னைவிடப் பத்து வயது மூத்த பெண்ணின் மேல் ஒருவன் வைக்கும் ஆசையை, அந்த நாளில், வீட்டில் எல்லோரும் படிக்கிற பத்திரிகைத் தொடராக எழுதினார் ஜானகிராமன். அவருக்கு ஒரு துணிச்சல்கூடக் கிடையாதா? அவருக்கு "நடை", "நுட்பம்", "இசை". அந்தம்மாவுக்கு "துணிச்சல்". நன்னடத்தைச் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. சல்மா நாவலில் ராபியாவும் கூட்டாளிகளும் வீட்டுக்குத் தெரியாமல் சினிமாவுக்குப் போகிற பகுதி இருக்கிறதே, அதைப் படித்தபோது நீங்கள் சிரிக்கவில்லையா? மாட்டிக்கொள்ளப் போகிறார்கள் என்று வயிற்றைப் பிசையவில்லையா? நிச்சயம் பிசைந்திருக்கும். எழுதியதில் அது இல்லை.

தோப்பில் மீரானுக்கு வருகிறேன். "நாம் அறியாத உலகம்." யார் அந்த நாம்? எங்கள் சந்தாதாரர் பட்டியலில் மீரானின் சொந்த ஊரான தேங்காய்ப்பட்டினத்துப் பக்கத்துக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அது நன்றாகவே அறிந்த உலகம். அதோடு உங்களுக்கும் ஒன்றும் அறியாதது இல்லை. ஊரையே காலடியில் வைத்திருக்கிற அஹமதுக்கண்ணு முதலாளி, அவர் முன்னால் குனிய மறுக்கிற சுறாப்பீலி வியாபாரி மஹ்மூது, ஊருக்குள் இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வரலாமா கூடாதா என்று ஒரு சண்டை. பெயர்களை மாற்றினால் கொங்கு நாட்டுப் பண்ணைய வீட்டுக் கதை ஒன்று உங்கள் பாட்டியிடமே இருக்கும். "பேச்சு வழக்கு முதலில் கடினமாக இருந்தது, பிறகு பழகிவிட்டது" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். அங்கேதான் நிற்க வேண்டும். எந்தச் சொல் தடுக்கியது? எந்தப் பக்கத்தில் அது தடுக்காமல் போனது? அதை எழுதியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருப்பேன்.

சரி, மெய்ப்புக்காரரைக் குழப்பிய அந்த இரண்டு 'வலி'க்கு வருவோம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தவை அவைதான்.

'கோவேறு கழுதைகள்' 1994இல் க்ரியா வெளியீடாக வந்தபோது தலித் விமர்சகர்களிடையே பெரிய சர்ச்சை. காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நாவலைப் படித்திருக்கிறீர்கள். ஆரோக்கியமும் சவுரியும் வண்ணார் குடும்பம். அவர்கள் துணி வெளுப்பதும், பிரசவம் பார்ப்பதும், சாவு வீட்டுக் காரியம் செய்வதும், களத்தில் தானியம் கேட்டு நிற்பதும், ராத்திரிச் சோற்றுக்கு வீடு வீடாகப் போவதும் ஒரு தலித் காலனிக்கு. மேல்சாதித் தெரு நாவலின் ஓரத்தில்தான் வருகிறது. ஒடுக்கப்பட்டவர்களே இன்னொருவரை ஒடுக்குவதை இப்போது எழுதலாமா, எழுதினால் யாருக்கு லாபம் என்பதுதான் அன்றைய சண்டை. நீங்களோ "ஆதிக்க சாதியினரால் தலித்துகள் படும் வலி" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். யார் வலி, யார் தந்த வலி? நாவல் கேட்கிற கேள்வியே அதுதான். ஆரோக்கியத்துக்கு அந்தக் காலனி ஜனங்கள் எதிரிகளும் இல்லை. தன் ஜனம், தன் ஊர் என்கிறாள். மகன் ஊரை விட்டுப் போகலாம் என்றால் இவளுக்குக் கால் நகர மாட்டேன் என்கிறது. புலம்புகிறாள், சாபம் விடுகிறாள், மறுநாள் காலையில் அதே வீடுகளின் அழுக்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு துறைக்குப் போகிறாள். இந்தச் சிக்கலை 'வலி' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எப்படி மடித்து வைத்தீர்கள்?

'வெக்கை'யில் இன்னும் மோசம். பூமணி தன்னை தலித் எழுத்தாளர் என்று கட்டம் கட்டுவதை ஒப்புக்கொள்ளாதவர். 1982இல் வந்த அந்த நாவலில் அவர் சாதிப் பெயரைச் சொல்லி முழங்குவதும் இல்லை. உங்கள் பக்கத்திலோ முதல் வரியே "தலித் வாழ்வின் ஆவணம்". ஆவணம் வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸில் கிடைக்கும். கூடவே இந்த நாவலை வைத்து எடுத்த 'அசுரன்' படத்தையும் நாவலையும் கலந்துவிட்டீர்கள். அப்பாவின் இளமைக் கால ஃபிளாஷ்பேக் வெற்றிமாறன் படத்துக்காகச் சேர்த்தது. நாவல் பையனோடுதான் கிளம்புகிறது. சிதம்பரத்துக்குப் பதினைந்து வயது. அண்ணனைக் கொன்றவனுடைய கையை வெட்டுவதுதான் அவன் போட்ட திட்டம். ஆள் செத்துப்போகிறான். அப்புறம் எட்டு நாள் அப்பாவும் மகனும் காடு, மலை, ஓடை என்று அலைகிறார்கள்.

அந்த எட்டு நாளில் என்ன நடக்கிறது? பழிவாங்கல் கதை என்று எல்லோரும் சொல்கிற நாவலில், பாதிக்குப் பாதி சமையல். எங்கே அடுப்புக் கூட்டுவது, எதை ஆக்குவது, யாருக்கு எவ்வளவு, மிச்சத்தை எங்கே வைப்பது. அப்பா கொலையைப் பற்றிப் பெரிதாக உபதேசம் செய்யமாட்டார். மகனுக்குப் பசிக்குமே என்று பார்ப்பார். போலீஸ் எப்போது வரும் என்று வாசகன் திக்திக்கென்று பக்கத்தைப் புரட்டினால் அங்கே சோறு கொதித்துக்கொண்டிருக்கும். கொலை செய்துவிட்டு வந்த பையனை மறுபடி பிள்ளையாக்குவதற்கு அந்தச் சோற்றைத் தவிர அப்பாவிடம் வேறு ஒன்றும் இல்லை என்று எனக்குத் தோன்றும். உங்களுக்கு வேறு மாதிரித் தோன்றலாம். சண்டை போடலாம், அதற்குத்தான் பத்திரிகை நடத்துகிறேன். ஆனால் "படித்து முடித்ததும் தூக்கம் வரவில்லை" என்பதோடு எப்படிச் சண்டை போடுவது? மாத்திரை வேண்டுமானால் சொல்லலாம்.

க.நா.சு.வை இழுத்திருக்கிறீர்கள். நல்லது. அவர் ரசனைக் கட்சி. சி.சு. செல்லப்பா அலசல் கட்சி. 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கி, ஒரு படைப்பை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தவர். இருவரில் யார் பக்கம் என்று கேட்டால் நான் க.நா.சு. பக்கம்தான் சாய்வேன். அதனால்தான் அவர் பெயரை நீங்கள் கேடயமாகப் பிடிப்பதை விடமாட்டேன். 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டுப் புத்தகம் எழுதியவர் அவர். ஆனால் படித்ததெல்லாம் அவரைப் புரட்டிப் போடவில்லை. ஊரே கொண்டாடிய கல்கியின் தொடர்கதைகளை அவர் ஒதுக்கினார். அதற்காக வாழ்நாள் முழுக்கத் திட்டு வாங்கினார். பிடித்துப்போனால் வாயால் பாராட்டுவதோடு விடமாட்டார், உட்கார்ந்து மொழிபெயர்ப்பார். நார்வேக்காரர் நட் ஹாம்சனின் நாவல் 'நிலவளம்' ஆனதும், ஸ்வீடன் தேசத்து செல்மா லாகர்லேவின் நாவல் 'மதகுரு' ஆனதும் அப்படித்தான். அவருடைய பரவசத்தில் விலக்கியதும் இருந்தது, உழைப்பும் இருந்தது. நீங்கள் ஒன்றரை மாதத்தில் ஐந்து நாவல் படித்து, ஐந்தும் ஒரே மாதிரிப் புரட்டிப் போட்டன என்கிறீர்கள். தோசையையே ஒரு தடவைக்கு மேல் புரட்டினால் தீய்ந்துவிடும்.

எந்த இடத்தில் உங்களுக்கு அலுத்தது? எந்தப் பாத்திரத்தைப் பிடிக்கவே இல்லை? எந்த அத்தியாயத்தைத் தள்ளிவிட்டுப் போனீர்கள்? 'மோகமுள்' மாதிரி தடித்த புத்தகத்தில் ஒரு பக்கம்கூடத் தள்ளவில்லை என்றால் நான் நம்பமாட்டேன். நானே தள்ளியிருக்கிறேன்.

இவ்வளவு திட்டிய பிறகு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உங்கள் 'வெக்கை' பக்கத்தின் பின்புறத்தில், வங்கிக் கணக்கு விவரத்துக்குக் கீழே, பென்சிலால் பின்குறிப்பு என்று போட்டு இப்படி எழுதியிருக்கிறீர்கள்: "இதைப் படிச்ச அன்னிக்கு ராத்திரி என் பையன் சாப்பிட்டுட்டுக் கை கழுவிட்டு இருந்தான். பத்தாவது. அவனுக்கும் சிதம்பரத்துக்கும் ஒரே வயசு. அந்தக் கையையே பாத்துட்டு இருந்தேன். அருவா பிடிக்கற அளவுக்கு அது இன்னும் பெருசாகல."

இதை மட்டும் மெய்ப்புக்காரரிடம் படித்துக் காட்டினேன். எந்த நாவல் என்று அவர் கேட்கவில்லை. நாவல் அலமாரியில் இருக்கிறதா என்று கேட்டார். நேற்று எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், இன்று லீவு சொல்லியிருக்கிறார்.

அந்த நாலு வரியை அடுத்த இதழில் தனியாகக் கட்டம் போட்டு வெளியிடுகிறோம். சன்மானம் உண்டு. கணக்கு எண்ணில் ஒரு இலக்கம் விட்டுப்போயிருக்கிறது, பார்த்து அனுப்புங்கள்.