வாசிப்புக் குறிப்பேடு எழுதுவது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஆசிரியர் பயிற்சி படிக்கிறேன். சிறார் இலக்கியப் பாடத்துக்குத் தினமும் வாசிப்புக் குறிப்பேடு எழுத வேண்டும். நான் எழுதுவதெல்லாம் கதைச்சுருக்கமாகப் போய்விடுகிறது. ‘உங்கள் கருத்து எங்கே?’ என்று சிவப்பு மையில் குறித்துத் திருப்பித் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: கதைக்கு இரண்டு வரிக்கு மேல் கொடுக்காதீர்கள். கதை உங்கள் ஆசிரியருக்குத் தெரியும். எந்தப் பக்கத்தில் நீங்கள் நின்றீர்கள், ஏன் நின்றீர்கள் என்பதைத்தான் அவர் தேடுகிறார்.

200 பக்கக் கோடு போட்ட நோட்டு போதும். முதல் நான்கு பக்கங்களைப் பொருளடக்கத்துக்கு விடுங்கள். அதன்பின் இடப்பக்கத்தில் படிக்கும்போதே எழுதுங்கள்: தேதி, நூலின் பெயர், எழுதியவர், ஓவியர், பதிப்பகம், ஆண்டு, கண்ணில் பட்ட வரி, அதன் பக்க எண். வலப்பக்கம் புத்தகத்தை மூடிய பிறகு எழுதுவதற்கு. அந்த வரி ஏன் பிடித்தது, எந்த இடம் நம்பும்படி இல்லை, ஏழு வயதுப் பிள்ளை எங்கே தடுமாறும் என்று எட்டு, பத்து வரி எழுதினால் நிறைவு. ‘நல்ல நீதி சொல்கிறது’ என்ற வாக்கியத்தை அடித்துவிடுங்கள். எந்தப் புத்தகத்துக்கும் பொருந்துவது இந்தப் புத்தகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. பக்க எண் இல்லாத மேற்கோளும் வீண். பருவக் கட்டுரை எழுத உட்காரும்போது நூலகப் புத்தகம் கையில் இருக்காது.

படப் புத்தகங்களில்தான் சுருக்கம் அதிகமாக ஏமாற்றும். பாட் ஹட்சின்ஸ் எழுதி வரைந்து 1968இல் வெளிவந்த ‘ரோஸிஸ் வாக்’ நூலை எடுத்துக்கொள்ளுங்கள். கோழி ஒன்று பண்ணையைச் சுற்றி நடந்துவிட்டுச் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்புகிறது. எழுத்தில் இருப்பது இவ்வளவே. படத்தில் ஒரு நரி பின்தொடர்ந்து வந்து ஒவ்வொரு முறையும் அடிபடுகிறது. எழுத்தில் நரி ஓரிடத்திலும் வராது. கோழிக்குத் தெரியாதது குழந்தைக்குத் தெரிகிறது, அந்தப் பெருமிதம்தான் அந்தப் புத்தகம்! இத்தகைய நூல்களை மூன்று முறை படியுங்கள்: முதலில் வழக்கம்போல, அடுத்து எழுத்தைத் தாளால் மறைத்துப் படங்களை மட்டும், கடைசியாக வாய்விட்டு. இரண்டாம் முறை கண்டதை முதலில் எழுதுங்கள். பல படப் புத்தகங்களில் பக்க எண் அச்சிட்டிருக்காது. கதை தொடங்கும் விரிபக்கத்தை (புத்தகத்தை விரித்தால் எதிரெதிரே தெரியும் இரு பக்கங்களை) 1 என்று வைத்து நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

கேள்வி: அழ. வள்ளியப்பாவின் ‘மலரும் உள்ளம்’ படிக்கிறேன். பாட்டுகளுக்கு எப்படிக் குறிப்பு எழுதுவது?

பதில்: நாளுக்கு இரண்டு பாட்டுக்கு மேல் வேண்டாம். கைதட்டிக்கொண்டே உரக்கப் பாடி, தட்டு விழும் எழுத்துகளின் கீழே கோடிடுங்கள். எதுகை, மோனையைத் தனியாகக் குறியுங்கள். மறுநாள் காலை பார்க்காமல் எழுதிப் பாருங்கள். நினைவில் நின்ற வரிகளில் ஓசை என்ன வேலை செய்திருக்கிறது, மறந்த வரிகளில் எது தளர்ந்திருக்கிறது என்று ஒப்பிட்டால் அன்றைய குறிப்பு தானே வந்துவிடும். பக்கத்து வீட்டுக் குழந்தை பாடக் கிடைத்தால், அது மாற்றிப் பாடும் சொல்லை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள்.

கேள்வி: நான்கு நாள் விட்டுப்போய்விட்டது. சேர்த்து எழுதலாமா?

பதில்: வேண்டாம். ஒரே இரவில் எழுதிய நான்கு குறிப்புகளும் ஒரே குரலில் பேசும், படிப்பவருக்கு உடனே தெரிந்துவிடும். விட்ட தேதிகளைக் குறித்துவிட்டு இன்றைய புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். நேரமே இல்லாத நாளில் ஒரு மேற்கோள், பக்க எண், ஒரு கேள்வி, இந்த மூன்றும் போதும்.