முயல் விரட்ட நாயைக் கொடுக்கலாமா?

தம்பி, பொங்கல் முடிந்ததும் முயல் வேட்டைக்கு உங்கள் சிப்பிப்பாறை நாயை மாமா கேட்கிறார், 'விரட்டத்தானே போகிறோம், கொல்லவா போகிறோம்' என்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி விரட்டுவதும் வேட்டைதான், அதற்கான முயற்சியும் வேட்டைதான். முயல் தப்பிவிட்டது என்பதோ, நம் சொந்தப் புஞ்சை என்பதோ எடுபடாது. 2022 திருத்தத்துக்குப் பிறகு மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்.

ஆனால் மாமாவிடம் சட்டத்தை மட்டும் பேசாதீர்கள். நாய் ஓடுவதைப் பார்க்கும் பெருமிதம் அவருக்கு வேண்டும். அதில் தவறே இல்லை, எனக்கும் அந்த ஆசை உண்டு. அதற்கு முயல் வேண்டாம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பின்சக்கர டயரைக் கழற்றுங்கள். நூறு மீட்டர் கயிற்றின் நுனியில் சாக்குத் துண்டைக் கட்டி, மறுமுனையை ரிம்மில் முடிந்து, கயிற்றை நீட்டிப் போட்டு, மிதியைக் கையால் வேகமாகச் சுழற்றுங்கள். கயிறு ரிம்மில் சுற்றச் சுற்ற, சாக்கு முயலைப்போல ஓடும். சிப்பிப்பாறை கண்ணால் பார்த்துத் துரத்தும் இனம். சாக்கு அசைந்தால் போதும், முதுகு வில்லாய் வளைய, நான்கு கால்களும் தரையை விட்டு எழப் பறந்து வரும். முள்கம்பி வேலி இல்லாத, அறுவடை முடிந்த நிலமாகப் பாருங்கள். விடியற்காலையில் மூன்று ஓட்டம் போதும். முடிந்ததும் நாயின் விரல் இடுக்குகளை விரித்துப் பாருங்கள். சென்ற வாரம் என் கன்னி இன நாய்க்கு அங்கேதான் நெருஞ்சி முள் புதைந்திருந்தது.

மிதி சுற்றும் வேலையை மாமாவிடமே கொடுங்கள்.