வெட்டவெளி: கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பிள்ளைகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம் இது. டிசம்பரில் ராஜஸ்தான். கணவருக்கு ஜெய்ப்பூர் அரண்மனையும் கடைத்தெருவும் போதும். எனக்கு ஜெய்சல்மேர் போய் ஒன்றுமே இல்லாத அந்த வெட்டவெளியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும். "காய்ஞ்ச நிலத்தைப் பாக்க அவ்ளோ தூரமா? நம்ம பாலக்கோட்டுல இல்லாததா?" என்று சிரிக்கிறார். தக்காளி போடுகிற மனிதருக்குப் பாலைத்திணையை எப்படிப் புரியவைப்பது? என் ரசனையில் கோளாறா? யார் விட்டுக்கொடுப்பது?

ஆர்., பாலக்கோடு

அன்புள்ள ஆர்.,

கோளாறு ஒன்றுமில்லை. யார் விட்டுக்கொடுப்பது என்பதை வீட்டிலேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். ஜெய்ப்பூரில் இரண்டு நாள் சுற்றிவிட்டு ராத்திரி ரயில் ஏறினால் மறுநாள் ஜெய்சல்மேர். இதற்கு எழுத்தாளன் எதற்கு? பாலைத்திணையையும் ஓரமாக வையுங்கள். புருஷனோடு சண்டை போடச் சங்கப்பாட்டைத் துணைக்கு இழுப்பது எனக்குப் பிடிக்காது. தலைவன் தனியே வெயிலில் நடந்தான். நீங்கள் ஏசி பெட்டியில் ஜோடியாகப் போகிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் உருப்படியான கேள்வி உங்கள் கணவர் கேட்டதுதான். அதைக் கிண்டல் என்று தாண்டிவிட்டீர்கள். கொஞ்ச நாளாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி அது. அதனால்தான் பதில் எழுதுகிறேன்.

தார் 'ஒன்றுமே இல்லாத' இடம் என்று உங்களுக்கு யார் சொன்னது? உலகப் பாலைவனங்களில் மக்கள் நெருக்கமாக வாழ்வது அங்கே. ஜெய்சல்மேர் பக்கம் மணல்மேட்டைவிடக் கல்லும் சரளையும் புதரும்தான் அதிகம். நம் ஊத்தங்கரைக் கரடு முடியாமல் நீண்டுகொண்டே போனதுபோல இருக்கும். மழை வருஷத்துக்கு 200 மி.மீ. தேறுவதே பெரிது. தர்மபுரியில் 800க்கு மேல் பெய்தும் வானம் பார்த்த பூமி என்று புலம்புகிறோம்.

அந்த 200ஐ வைத்துக்கொண்டு ஜெய்சல்மேர்க்காரர்கள் கோதுமை எடுத்தார்கள். பாறைச் சரிவு முடியும் தாழ்வில், குறுக்கே நீளமாக ஒரு மண்கரை. கடீன் என்பார்கள். மேலே பாறையில் விழுந்த மழையெல்லாம் வழிந்து வந்து கரைக்குள் நிற்கும். மெல்ல மண்ணுக்குள் இறங்கும். மேல்தண்ணீர் வற்றியதும் அந்த ஈரத்திலேயே கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைப்பார்கள். அதற்குமேல் மழை பெய்யாவிட்டாலும் வெள்ளாமை வீடு வந்துவிடும். பாலிவால் பிராமணர்கள் 15ஆம் நூற்றாண்டிலிருந்து செய்துவந்த வேலை இது. அவர்கள் கைவிட்டுப்போன குல்தரா ஊருக்கு நாம் பேய்க்கதை கேட்கப் போகிறோம். ஊருக்குச் சோறு போட்ட கரையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

நீங்கள் ரசிப்பதற்காக வெறுமை என்கிறீர்கள். அரசாங்கக் காகிதம் தரிசு என்கிறது. இரண்டும் அந்தப் புல்வெளியில் மாடு மேய்ப்பவனைப் பார்க்காமல் சொன்னதுதான். அந்த நிலத்தில்தான் இன்று சூரிய மின்பண்ணைகள், காற்றாலைகள், அவற்றிலிருந்து கிளம்பும் கம்பிகள். அங்கே வாழும் கானமயில் என்ற பறவைக்கு நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. பெரிய உடம்பு, சட்டென்று திரும்பவும் முடியாது. கம்பியில் மோதிச் சாகிறது. மொத்தமே இருநூறுகூட மிச்சமில்லை, பெரும்பாலும் ஜெய்சல்மேர் பக்கம். கம்பிகளைப் பூமிக்கடியில் புதைக்க 2021இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024இல் அதைத் தளர்த்தியது. மின்சாரம் வேண்டாமா என்று கேட்காதீர்கள். வேண்டும்தான். யாருமில்லாத நிலம் என்று சொல்லிக்கொண்டு எடுக்காதீர்கள் என்றுதான் சொல்கிறேன்.

போச்சம்பள்ளிப் பக்கம் என் பாட்டி ஊரில் ஒரு கரடு இருந்தது. பாட்டியின் ஆடுகள் அங்கேதான் மேயும். மழை விட்டதும் சீத்தாப்பழம், அதன் பிறகு துடைப்பப்புல், வருஷம் முழுக்க விறகு. வெயில் தாழப் பாறையில் உட்கார்ந்தால் அடியில் சூடு மெல்ல ஆறும். அப்போது பாட்டி வெற்றிலை மெல்வாள், பேசவே மாட்டாள். காகிதத்தில் அது கல்லாங்குத்துப் புறம்போக்கு. ஒருநாள் வெடி வைத்தார்கள். இப்போது அங்கே பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளம். கல் எந்த ஊர் ஹோட்டலில் தரையாகக் கிடக்கிறதோ. பாட்டி ஆடுகளை விற்ற அன்று கரட்டின் அழகைப் பற்றிப் பேச அங்கே ஒருவரும் வரவில்லை.

பாலக்கோட்டுக் கரடு எதிலாவது ஏறி அப்படிச் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்களா அம்மா? இல்லையென்றால் அவர் சிரிப்பதில் தப்பே இல்லை. உட்கார்ந்திருந்தால், நீங்கள் அங்கே போக வேண்டிய ஆள்தான், கட்டாயம் போங்கள்.

சாயங்காலம் சாம் மணல்மேட்டுப் பக்கம் போகாதீர்கள், ஜீப்பும் ஒலிபெருக்கியும் காதைக் கிழிக்கும். ராத்திரி குளிர் கடுமை, கம்பளி எடுத்துக்கொள்ளுங்கள். கேர் சாங்ரி கிடைத்தால் சாப்பிடுங்கள். சாங்ரி என்பது நம் கோயில்களில் நிற்கும் வன்னி மரத்தின் காய்தான். ஒரு கடீன் கரைக்குக் கணவரைக் கூட்டிப்போங்கள். தக்காளிக்குத் தண்ணீர் கட்டுகிற மனிதர்; அங்கிருந்து அவரைக் கிளப்புவதுதான் உங்களுக்குப் பெரும்பாடாக இருக்கும்.