சொத்து வரி நோட்டீஸுக்கு வாஷிங்டனில் பதில் கிடைக்காது

கேள்வி: டெக்ஸஸில், டாலஸுக்கு வடக்கே, போன வருடம் வீடு வாங்கினோம். இந்த ஏப்ரலில் வந்த நோட்டீஸில், நாங்கள் கொடுத்த விலையைவிட வீட்டு மதிப்பைக் கூட்டிப் போட்டிருக்கிறார்கள். வரி போடுகிறவர்கள் என்று கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி), சிட்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட், காலேஜ் என நான்கு பெயர்கள் வேறு. எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு எழுதினேன்; தலையிட அதிகாரம் இல்லை என்று பதில் வந்தது. நாட்டுக்கே சட்டம் போடுகிறவருக்கு இந்த அதிகாரம்கூடவா இல்லை?

பதில்: உண்மையிலேயே இல்லை. மேலிடத்தில் சொன்னால் கீழே நடக்கும் என்பது ஊரிலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கம். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க அரசியலமைப்புச் சட்டத்தை எழுதியபோதே மாநிலங்கள் தனித்தனி அரசுகளாக இருந்தன. ராணுவம், நாணயம், தபால், குடியுரிமை, மாநிலங்களுக்கிடையிலான வணிகம் என்று சில அதிகாரங்களை மட்டும் எண்ணி மத்திய அரசுக்குக் கொடுத்தார்கள். கொடுக்காதவை மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை என்று 1791இல் பத்தாவது திருத்தம் உறுதி செய்தது. இந்தியாவில் நேர்மாறு, எந்தப் பட்டியலிலும் சேராத அதிகாரம் ஒன்றிய அரசுக்குப் போகும்.

அதனால்தான் உங்கள் விசா வாஷிங்டன் விவகாரம், டிரைவிங் லைசென்ஸ் டெக்ஸஸ் விவகாரம். கிரீன் கார்டு விண்ணப்பம் அசையாமல் கிடந்தால் அதே காங்கிரஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். விசாரித்துச் சொல்லவே அங்கே ஆட்கள் இருக்கிறார்கள்.

உள்ளாட்சி பற்றி அமெரிக்க அரசியலமைப்பில் ஒரு வரிகூடக் கிடையாது. கவுண்டி, சிட்டி, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் எல்லாம் மாநிலச் சட்டத்தால் பிறந்தவை. சரி, ஆளுநரிடம் போகலாமா? அதுவும் பயனில்லை. டெக்ஸஸுக்கென்று தனி அரசியலமைப்பு உண்டு. மாநில அரசு சொத்து வரி போடக் கூடாது என்று அதுவே தடுக்கிறது. வரி விகிதத்தை நோட்டீஸில் உள்ள அந்த நான்கு அமைப்புகளும் தனித்தனியாக முடிவு செய்கின்றன. பெரும்பங்கு வழக்கமாகப் பள்ளிக்குப் போகும். மதிப்பைப் போடுவது மட்டும் அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் என்ற வேறொரு அலுவலகம். நீங்கள் போக வேண்டியது அங்கேதான்.

மே 15, அல்லது நோட்டீஸ் அனுப்பியதிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தியதோ அதற்குள் ஆட்சேபம் தாக்கல் செய்யுங்கள். கட்டணம் இல்லை. விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்கும் கட்டாயம் டெக்ஸஸில் கிடையாது; நீங்கள் என்ன விலை கொடுத்தீர்கள் என்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வீடு வாங்கியபோது விலையும் செலவுகளும் போட்டுத் தந்த கணக்குத்தாளான குளோசிங் ஸ்டேட்மெண்ட்டை எடுத்துப் போய் மேசைமேல் வையுங்கள். வடக்கு டெக்ஸஸ் களிமண் கோடையில் சுருங்கி அஸ்திவாரத்தில் விரிசல் விடுவது சகஜம். அப்படி இருந்தால் போட்டோவும் பழுதுபார்க்க ஆகும் செலவுக் கணக்கும் சேருங்கள். முதலில் அதிகாரியோடு பேச்சு; ஒத்துவராவிட்டால் மறுஆய்வுக் குழு விசாரிக்கும்.

குடியிருக்கும் வீட்டுக்கான ஹோம்ஸ்டெட் என்ற வரி விலக்குக்கு விண்ணப்பித்தீர்களா? இல்லையென்றால் இன்றே செய்யுங்கள். அது கிடைத்தால், அடுத்த ஆண்டிலிருந்து வரி கணக்கிடும் மதிப்பு பொதுவாக வருடத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறாது.

விகிதத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், ஆகஸ்ட், செப்டம்பரில் பள்ளி வாரியமும் நகர மன்றமும் கூட்டம் போடும். ஓட்டுக்குத்தான் குடியுரிமை வேண்டும். அந்தக் கூட்டத்தில் எழுந்து பேச விசாவில் இருப்பவருக்கும் தடையில்லை.