தவணை ஏறவில்லை, கடன் நீண்டுவிட்டது

கேள்வி: ஓராண்டுக்கு முன் 7 சதவீத மாறும் வட்டியில், 20 ஆண்டுக் காலத்துக்கு வீட்டுக் கடன் வாங்கினேன். வட்டி இப்போது 9 சதவீதமாகிவிட்டதாக வங்கி தெரிவித்துள்ளது; ஆனால் மாதத் தவணை மாறவில்லை. வீட்டுச் செலவோ ஏறிக்கொண்டே போகிறது. கையில் 12 மாதத் தவணைக்கு ஈடான சேமிப்பு இருக்கிறது. அதைக் கடனில் கட்டுவதா, நிலையான வட்டிக்கு மாறுவதா, தவணைதான் ஏறவில்லையே என்று அப்படியே இருந்துவிடுவதா?

பதில்: நீங்கள் கேட்ட மூன்றில் எனக்கு மிகுந்த கவலை தருவது, அப்படியே இருந்துவிடுவதுதான். தவணையை உயர்த்தாதபோது வங்கி கடன் காலத்தை நீட்டிவிடுகிறது. அந்த மாற்றம் மாதாந்திரக் கணக்கில் கண்ணுக்குத் தெரிவதில்லை. நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துக் கணக்கிட்டால், வட்டி 7 சதவீதமாக இருந்தவரை தவணையில் சுமார் 73 சதவீதம் வட்டிக்குப் போயிற்று. இப்போது 94 சதவீதம் போகிறது, அசலைக் குறைப்பது எஞ்சிய 6 சதவீதம் மட்டுமே. இன்னும் 19 ஆண்டுகளில் தீர வேண்டிய கடன், இதே தவணையில் 32 ஆண்டுகளுக்கு ஓடும். வட்டி 9.6 சதவீதத்தை எட்டினால், தவணை முழுவதையும் கட்டினாலும் வட்டிக்கே போதாமல் அசல் வளரத் தொடங்கும். பழைய காலக்கெடுவுக்குள் முடிக்க வேண்டுமானால் தவணை சுமார் 15 சதவீதம் உயர வேண்டும்.

பணவீக்கம் கடனின் உண்மை மதிப்பைக் கரைத்துவிடும் என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். வட்டி நிலையாக இருந்து, சம்பளமும் விலைவாசியோடு ஏறினால் அது சரி. மாறும் வட்டிக் கடனில் அந்த ஆதாயம் பெரும்பாலும் நிற்பதில்லை. ஏனெனில் பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை உயர்த்துகிறது, அந்த உயர்வு நேராக உங்கள் கடனுக்கு வந்து சேர்கிறது. பிரிட்டனின் மத்திய வங்கியான இங்கிலாந்து வங்கி தன் வட்டி விகிதத்தை 2021 டிசம்பரில் இருந்த 0.1 சதவீதத்திலிருந்து 2023 ஆகஸ்டுக்குள் 5.25 சதவீதமாக்கியபோது, அங்கே இரண்டு அல்லது ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் வட்டியை நிலைநிறுத்தியிருந்தவர்கள், அந்தக் காலம் முடிந்ததும் பெரிய தவணை உயர்வைச் சந்தித்தனர். அதே காலத்தில் அமெரிக்காவிலும் வட்டி உயர்ந்தது; ஆனால் 30 ஆண்டு நிலையான வட்டியில் ஏற்கெனவே கடன் பெற்றிருந்தவர்களின் அசல், வட்டித் தவணை அசையவில்லை.

இனி உங்கள் சேமிப்பு. அதை முழுவதும் கடனில் போடாதீர்கள். விலைவாசி ஏறும் காலத்தில் வேலை இழப்போ மருத்துவச் செலவோ வந்தால், கட்டிய பணத்தை வங்கியிடமிருந்து திரும்பப் பெறுவது எளிதல்ல. அவசரத்துக்கு வாங்கும் தனிநபர் கடனின் வட்டி வீட்டுக் கடனைவிட மிக அதிகம். ஆறு மாதத் தவணைக்கான தொகையை ஒதுக்கிவிட்டு மற்ற ஆறை அசலில் கட்டினால், 32 ஆண்டு என்பது 26 ஆண்டுக்குள் வந்துவிடும். அதோடு தவணையை 5 சதவீதம் மட்டும் உயர்த்திக்கொள்ள முடிந்தால், கடன் 22 ஆண்டுகளுக்குள் முடியும். கடனின் தொடக்க ஆண்டுகளில் கட்டும் சிறு தொகைக்கு இவ்வளவு வலிமை உண்டு என்பதைப் பலர் அறிவதே இல்லை. முன்கூட்டிச் செலுத்துவதற்குக் கட்டணம் உண்டா என்று முதலில் கேளுங்கள். கட்டும்போது, தவணையைக் குறைக்காமல் காலத்தைக் குறைக்குமாறு எழுத்துமூலம் கோருங்கள்.

நிலையான வட்டிக்கு மாறுவதை இப்போது நான் பரிந்துரைக்கமாட்டேன். வட்டி ஏறியபின் தரப்படும் நிலையான விகிதத்தில், வங்கி எதிர்பார்க்கும் மேல் உயர்வும் பொதுவாகச் சேர்ந்தே இருக்கும். மாறுவதற்கான கட்டணம் வேறு. இன்னும் ஒரு சதவீதம் ஏறினால் குடும்ப வரவுசெலவே குலைந்துவிடும் என்ற நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் அந்தக் கூடுதல் விலை நியாயமானது. நீங்கள் அந்த நிலையில் இருக்கிறீர்களா என்பதை, 10 சதவீத வட்டியில் 19 ஆண்டுகளுக்குத் தவணை எவ்வளவு வரும் என்று வங்கியிடம் கேட்டு, அதை உங்கள் மாத வருமானத்தோடு ஒப்பிட்டு முடிவு செய்யுங்கள்.