இருநூறு வாட் எதற்கு?

அன்புள்ள ஐயா,

புளியரையில் இருக்கிறேன். ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் நல்ல ஸ்பீக்கர் ஜோடி ஒன்று வாங்கினேன். ஓட்டு வீடு, கூடம் 12-க்கு 14 அடி. வாய்ப்பாட்டும் நாகஸ்வரமும் கேட்பேன், செண்டை மேளமும் பிடிக்கும். ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப்ளிஃபையர் பார்க்கக் கொல்லம் போயிருந்தேன். 200 வாட்டுக்குக் குறைந்தால் வீண் என்கிறார் கடைக்காரர். அவர் போட்டுக் காட்டியபோது விலை கூடியதுதான் நன்றாகவும் இருந்தது. வாங்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

வேண்டாம்.

ஸ்பீக்கரோடு வந்த தாளில் உணர்திறன் என்று ஓர் எண் இருக்கும். அது 87 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தள்ளி அவ்வளவு ஒலி கிடைக்கும் என்று பொருள். இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்வது ஏறக்குறைய 60 டெசிபல். நாற்காலியைப் பின்னால் போட்டால் கொஞ்சம் குறையும்; ஆனாலும் மாலையில் நீங்கள் கேட்கும் ஆலாபனைக்கு அந்த ஒரு வாட்டே தாராளம்.

ஆனால் நீங்கள் செண்டை கேட்பவர். செண்டையிலோ தவிலிலோ ஓர் அடி விழும்போது ஒலி, சராசரியிலிருந்து 15, 20 டெசிபல் எகிறும். 10 டெசிபலுக்குப் பத்து மடங்கு சக்தி வேண்டும், 20-க்கு நூறு மடங்கு. அந்த நொடியில் கொடுக்கச் சரக்கில்லாத ஆம்ப்ளிஃபையர் அலையின் தலையைச் சீவிவிடும். அடி மொண்ணையாகக் கேட்கும்; அப்படியே நெடுநேரம் அலறவிட்டால், ஸ்பீக்கரில் கீச்சொலி தரும் ட்வீட்டர் கருகும். ஆகவே 60 முதல் 100 வாட் வரை கேட்பது பேராசை இல்லை. 100-லிருந்து 200-க்குப் போனால் கூடுவது வெறும் 3 டெசிபல். இரு மடங்கு உரப்பாகக் காதுக்குத் தோன்ற 1000 வாட் வேண்டும். உங்கள் ஓடுகள் தாங்குமா?

எந்த வாட் என்பதையும் பாருங்கள். தொடர்ந்து கொடுக்கும் சக்தியைச் சொல்லும் ஆர்.எம்.எஸ். கணக்கா, ஸ்பீக்கரின் மின்தடை எத்தனை ஓம் இருக்கும்போது, இரண்டு பக்கமும் சேர்ந்து ஓடும்போதா என்று கேளுங்கள். பி.எம்.பி.ஓ. என்ற ஊதிப்பெருக்கிய கணக்கை யாராவது தொடங்கினால் படியிறங்கிவிடலாம்.

கடையில் விலை கூடியது நன்றாக இருந்தது என்கிறீர்கள். இரண்டும் ஒரே அளவு உரப்பில் ஓடினவா? ஒரு டெசிபல் கூடியிருந்தாலே காது அதை உரப்பு என்று சொல்லாது, தெளிவு என்று சொல்லும். நானும் இப்படி மயங்கி, ஒரு கனத்த பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆரியங்காவு வளைவுகளில் பஸ்ஸில் குலுங்கி வந்தவன்தான். வீட்டில் பழையதற்கும் புதியதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. வெளியே சொல்லவில்லை. பிறகொரு நாள் என் மனைவி கூடத்தைப் பெருக்குவதற்காக, மூலையில் இருந்த ஸ்பீக்கர்களை இரண்டடி முன்னால் இழுத்துவைத்தாள். அன்றைக்குத்தான் பாட்டு மாறியது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், அதுவரை பீப்பாய் போல உருண்டுகொண்டிருந்திருக்கிறது!

பவர் ஆம்ப்ளிஃபையர் மட்டும் வாங்கினால் பெரும்பாலும் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகுகூட இருக்காது; முன்னால் ப்ரீஆம்ப் ஒன்று தனியாக வேண்டும். இரண்டும் ஒரே பெட்டியில் உள்ள இன்டக்ரேட்டட் வகையே உங்களுக்குப் போதும். ஆம்ப்ளிஃபையர் சுற்றுகளில் கிளாஸ் ஏ, ஏபி, டி என்று வகைகள் உண்டு; கிளாஸ் ஏ பக்கம் போகாதீர்கள். பாட்டு ஓடாதபோதும் மின்சாரம் தின்று கொதிக்கும். ஏபி அல்லது டி நல்லது. சாரல் மாதங்களில் கதகதப்பான பெட்டி என்றால் பல்லிகளுக்கு மாமியார் வீடு. என் செட்டில் ஃப்யூஸ் போகிறதே என்று திறந்தால், சர்க்யூட் பலகைமேல் ஒன்று கருகிக் கிடந்தது. ஐப்பசி இடிக்கு சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் கனமான ஜமுக்காளம் ஒன்று வாங்கி, ஸ்பீக்கருக்கும் நாற்காலிக்கும் நடுவில் விரியுங்கள். கடைக்காரரிடம் 80 வாட் பெட்டியை ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்க்கத் தருவாரா என்று கேளுங்கள். மாட்டேன் என்றால் உங்கள் ஸ்பீக்கர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு அங்கேயே போய்விடுங்கள். ஒலி அளவைத் திருகும் வேலையை மட்டும் அவரிடம் விடாதீர்கள்.

அன்புடன்.